மூன்றாம் பள்ளத்தாக்கின் சில்வண்டுகள்

திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு பெரிய அலுவலகத்தின் தொலைபேசிச் சுவிச்போட்டுக்கு முன்னால் இருபத்தொன்பது வருடம் இருந்து எழும்பிய தங்கேஸ்வரிக்குத் தன்னுடைய காதைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதை அவர் மறைத்ததில்லை. மறைக்கச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே "காது தங்கேஸ்" என்பதுதான். மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரேயொரு தடவை மூதூரில் இருந்து கோல் எடுத்த மனிதர் திரும்பவும் எடுத்து "ஹலோ" என்றால் போதும், "சொல்லுங்கோ, கலீலுர் றஹ்மான்" என்பார். அந்தப் பக்கத்தில் அந்த மனிதர் ரிசீவரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கதையைத் தொடங்கியிருப்பார். இதையெல்லாம் தங்கேஸ்வரி தானாகச் சொல்லித் திரிவதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது பக்கத்தில் இருந்து வருடக் கணக்கை மட்டும் திருத்துவார்.

அந்த வேலையில் ஒரு கொப்பி இருந்தது. ஒவ்வொரு கோலுக்கும் நேரம், இலக்கம், முடிவு என்று எழுத வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் எழுதுவதற்கு இரண்டு குறிப்புகள் உண்டு: ஒன்று "பதில் இல்லை", மற்றது "லைன் இல்லை". வெளி ஆட்களுக்கு இரண்டும் ஒன்றுதான். தங்கேஸ்வரிக்கு ஒன்றில்லை. மணி அடித்து யாரும் எடுக்காவிட்டால் பதில் இல்லை. அங்கே ஆளில்லை என்று அர்த்தம். மணியே போய்ச் சேராவிட்டால் லைன் இல்லை. அங்கே ஆள் இருக்கிறதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். இரண்டாயிரத்து ஆறில் குடாவுக்கு அந்தப்பக்கம் சம்பூர்ச் சனம் யுத்தத்துக்குப் பயந்து எழும்பி ஓடிய நாட்களில், ஒரு தகப்பன் மகளின் வீட்டு இலக்கத்தை எழுதிய துண்டோடு வந்து நின்றார். மணி போகவில்லை. அந்த வழியால் வந்த அதிகாரி ஒருவர், "பதில் இல்லை" என்று எழுதி ஆளை அனுப்பிவிடும்படி சொன்னார். தங்கேஸ்வரி எழுத மாட்டேன் என்றுவிட்டார். அவருடைய வேலைக் காலத்தில் அவர் மேலதிகாரி ஒருவரோடு சண்டை பிடித்தது அந்த ஒரு தடவைதான். இரண்டு கிழமை கழித்து மகள் மட்டக்களப்பில் இருந்து கோல் எடுத்தாள். தகப்பன் அதற்குப் பிறகு இரண்டொரு தடவை வாழைக்குலையோடு வந்தார். தங்கேஸ்வரி அதைப் பெரிய விசயமாக எடுக்கவில்லை. கொப்பியில் சரியாக எழுதியதற்கு வாழைக்குலை எதற்கு என்பது அவருடைய எண்ணம்.

ஓய்வு பெற்ற பிறகு அவரும் கணவர் கதிரவேலும் சாம்பல்தீவில் இருந்தார்கள். கதிரவேல் பஸ் டிப்போவில் நேரம் குறித்தவர். வீட்டிலும் அதையே தொடர்ந்தார்: தேத்தண்ணி எத்தனை மணிக்கு வந்தது, பேப்பர் எத்தனை நிமிடம் பிந்தியது என்று வாயால் குறிப்பெழுதிக்கொண்டிருப்பார். தங்கேஸ்வரி அதற்குக் காது கொடுப்பதில்லை. கொடுப்பதில்லை என்றுதான் இரண்டு பேருமே நினைத்திருந்தார்கள்.

பின்வீட்டுப் பிள்ளை லோஜனா தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு விடுமுறைக்கு வந்தபோது, "அன்ரி, உங்கட காதுக்கு ஒரு வேலை இருக்கு" என்று தொடங்கினாள். வேலை ஓர் ஆந்தையைக் கேட்பது.

இலங்கையின் தென்மேற்கு மழைக்காடுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத சின்ன ஆந்தை அது. இரண்டாயிரமாம் ஆண்டு வரைக்கும் அப்படியொன்றை யாரும் கண்டதில்லை. பறவைகளைத் தேடித் திரிந்த ஒருவர் தொண்ணூற்றைந்தில் இருட்டுக்குள் அதன் குரலை மட்டும் கேட்டார். தெரிந்த பறவை எதனோடும் அந்தக் குரல் பொருந்தவில்லை. அவர் ஆளைக் கண்ணால் காண மேலும் ஐந்தாறு வருடம் சென்றது. ஒரு சாணுக்கும் குறைவான உடம்பு, செங்கபில நிறம், அதன்மேல் கறுப்புப் பொட்டுகள். இந்த இனத்துச் சின்ன ஆந்தைகளுக்குத் தலையில் கொம்பு மாதிரி நிற்கிற இறகு இதற்கு இல்லை. பகலில் உயரமான மரத்தில் தேடினால் ஏமாந்து போவீர்கள். இடுப்பு உயரத்தில், பன்னங்களுக்கும் ஈரப் பற்றைக்கும் நடுவில், சருகோடு சருகாக அசையாமல் இருக்கும். வண்டும் அந்துப்பூச்சியும் சாப்பாடு. இருக்கிற எண்ணிக்கை சில நூறு என்று கணக்கிடுகிறார்கள். குடித்தனம் எப்படி நடத்துகிறது என்பதைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்.

அதைக் கண்டுபிடிக்க இருக்கும் ஒரே வழி குரல்தான். அதிலும் அது கஞ்சன். பொழுதுபடுகிற செக்கலில் கொஞ்ச நேரம், விடிய முன்னர் கொஞ்ச நேரம். "பூ" என்று ஒரேயொரு மெல்லிய ஊதல். பிறகு அரை நிமிடத்துக்குச் சத்தமில்லை. பிறகு இன்னொரு "பூ". லோஜனாவின் ஆட்கள் காட்டு மரங்களில் சிறிய ஒலிப்பதிவுப் பெட்டிகளைக் கட்டி விட்டிருந்தார்கள். அவை ஆயிரக்கணக்கான மணித்தியாலங்களைப் பதிந்து வைத்திருந்தன. கணினியிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அது தூரத்து லொறியையும் ஆந்தை என்றது, புறாவையும் ஆந்தை என்றது, உண்மையான ஆந்தையை விட்டுவிட்டது. ஆகவே மனிதக் காது தேவைப்பட்டது. ஐந்து பேரைப் பிடித்தார்கள். பட்டப்படிப்பு முடித்துவிட்டு மூதூரில் வேலைக்குக் காத்திருந்த றுக்கியா ஒருத்தி; தங்கேஸ்வரி இன்னொருவர். தங்கேஸ்வரியின் பங்குக்கு வந்தது மூன்றாம் பள்ளத்தாக்கு. அரசாங்கம் காக்கிற ஒதுக்குக் காட்டுக்கு வெளியே, தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் கிடந்த காட்டுத்துண்டு அது. அதை வெட்டித் தோட்டத்தோடு சேர்க்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அங்கே ஆந்தை இருக்கிறது என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. இருந்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

தங்கேஸ்வரி அதை உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டார். காலைச் சமையலை முடித்து, குசினி மேசையைத் துடைத்து, லப்டொப்பை வைத்து, ஒன்பது மணிக்கு ஹெட்போனை மாட்டினால் பன்னிரண்டு மணிக்குத்தான் கழற்றுவார். வெளியில் சாம்பல்தீவு வெயில் கொளுத்தும். அவருடைய காதுக்குள் தெற்கத்தைய காட்டில் விடியப் போகும். முதல் கிழமை ஒன்றுமில்லை. இரண்டாம் கிழமை, இலைத் துளி சொட்டும் சத்தத்துக்கு அப்பால், யாரோ வெறும் போத்தல் வாயில் மெதுவாக ஊதுவது போல ஒரு "பூ". அவர் வலது கை விரலை உயர்த்தினார். சுவிச்போட்டில் அந்தப் பக்கத்துக் குரல் வந்ததும் விரலை உயர்த்திப் பழகிய கை. அரை நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். இரண்டாவது "பூ" வந்தது. கதிரவேல் வாசலில் நின்று, நேரம் பத்து இருபத்தாறு, மனுசி ஏன் கையைத் தூக்கிக்கொண்டு அழுகிறாள் என்று கேட்டார். அழவில்லை என்றார் தங்கேஸ்வரி. கண் கலங்கித்தான் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவர் அவ்வளவு சந்தோசப்பட்ட நாள் வேறில்லை.

மூன்று மாதத்தில் பதிவுகளில் அறுபத்தொரு இடங்களில் ஆந்தையைக் குறித்துக் கொடுத்தார். மற்ற நாலு பேரும் சேர்ந்து கேட்டது அதில் பாதி. லோஜனாவின் பேராசிரியர், திருகோணமலையில் இருக்கும் அந்த அம்மாவின் காதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சொன்னாராம். காதை எப்படிப் பார்க்கிறது என்று தங்கேஸ்வரி கேட்டாலும், அந்த வாக்கியத்தை அன்றைக்கே இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டார்.

அட்டவணையில் ஆந்தைக்குப் பக்கத்தில் வேறு சில கட்டங்களும் இருந்தன. பின்னணியில் மழைச் சத்தம் எவ்வளவு, தவளைச் சத்தம் எவ்வளவு, சில்வண்டுச் சத்தம் எவ்வளவு. சைபரில் இருந்து மூன்று வரைக்கும் ஓர் இலக்கம் போட வேண்டும். தங்கேஸ்வரி மழைக்கு ஒன்று இரண்டு போட்டார். பெரிய தவளைகளுக்கு மூன்று போட்டார். சில்வண்டுக்கு ஒவ்வொரு வரியிலும் சைபர் போட்டார். அதைப் பற்றி அவர் இரண்டாம் தரம் யோசிக்கவில்லை. சில்வண்டு இப்போது எங்கேதான் இருக்கிறது? அவருடைய கிணற்றடியில் சின்ன வயதில் காதைக் குடைந்தவை, வயலுக்கு அடித்த மருந்தில் செத்து ஒழிந்துவிட்டன. நுளம்பும் அப்படித்தான், முன்னர் மாதிரி இல்லை என்பது அவருடைய கட்சி. கதிரவேல் தன் தோளில் பட்டென்று அடித்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பார், எதிர்த்துப் பேசுவதில்லை. தன் காதில் குறையொன்றும் இல்லை என்பதற்குத் தங்கேஸ்வரியிடம் சாட்சியும் இருந்தது: துறைமுகத்துக்குள் கப்பல் நுழையும்போது ஊதுகிற சங்கு, காற்று சரியாக இருந்தால் சாம்பல்தீவு வரைக்கும் வரும். அதைக் கதிரவேலுக்கு முன்னால் கேட்கிறவர் எப்போதும் தங்கேஸ்வரிதான்.

ஒரு திங்கட்கிழமை லோஜனா கோல் எடுத்தாள். குரலில் துள்ளல். மூன்றாம் பள்ளத்தாக்கின் அட்டவணையைப் பேராசிரியர் பார்த்தாராம். ஆந்தை நிறைய இருக்கிற இடத்தில் சில்வண்டு அறவே இல்லை; வேறு பள்ளத்தாக்குகளில் சில்வண்டு மூன்று, ஆந்தை அருமை. அப்படியென்றால் தன் மெல்லிய குரல் எடுபடுகிற அமைதியான மூலைகளைத்தான் இந்த ஆந்தை தேடிப் போய்க் குடியிருக்கிறது போலும். இதுவரை யாரும் சொல்லாத விசயம். வெள்ளிக்கிழமை கொழும்பில் ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் லோஜனாவே எழும்பி நின்று இதைச் சொல்லப் போகிறாள். "எல்லாம் உங்களாலதான் அன்ரி. கடைசிப் பக்கத்தில உங்கட பேர் வரும்" என்றாள். தங்கேஸ்வரி அந்தப் பேரை எப்படி எழுதுவார்கள், முதலெழுத்து போடுவார்களா என்று கேட்டார்.

அடுத்த நாள் செக்கலில் கதிரவேல் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழும்பிப் போய்க் கிணற்றுப் பக்கத்து யன்னலை அடித்துச் சாத்தினார். இந்தச் சில்வண்டு சனியன்களால் ரீவி சொல்கிறதே கேட்கவில்லை என்று திட்டினார். தங்கேஸ்வரி சிரித்தார். இல்லாத சில்வண்டுக்கு யன்னல் சாத்துகிற ஆளை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றார். கதிரவேல் சிரிக்கவில்லை. அவர் மனைவியின் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் கதிரையில் போய் இருந்தார். அந்தப் பார்வைதான் தங்கேஸ்வரியைச் சுட்டது. இருபத்தொன்பது வருடம் குரலை மட்டும் கேட்டு ஆளை அளந்தவருக்கு, மனிதர் ஒருவர் இரக்கப்பட்டு வாயை மூடுவது எப்படியிருக்கும் என்று தெரியும்.

புதன்கிழமை பின்னேரம் அவர் லப்டொப்பை எடுத்து வைத்து, கணவரைக் கூப்பிட்டு இருத்தி, தனக்கு ஆகப் பிடித்த பதிவைப் போட்டார். ஐந்து தடவை தெளிவாக ஆந்தை கூப்பிடுகிற பதிவு அது. கதிரவேல் ஹெட்போனை மாட்டிய ஐந்தாவது விநாடியில் பிய்த்து எடுத்தார்.

"என்னப்பா இது? காதுக்குள்ள ஊசி போட்டுத் துளைக்குது. இதையோ நீர் மூண்டு மாசமாக் கேட்டுக்கொண்டிருந்தனீர்?"

"என்ன கேக்குது உங்களுக்கு?"

"சில்வண்டு. வேற என்ன, முழுக்கச் சில்வண்டு."

ஆந்தை கேட்கிறதா என்று தங்கேஸ்வரி கேட்டார். ஆந்தையா, அதுக்குள்ளயா என்றார் கதிரவேல். தங்கேஸ்வரி ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தார். இலைத் துளிகள் சொட்டின. அரை நிமிட அமைதிக்குப் பிறகு, மிகத் தெளிவாக, "பூ" என்றது. அதைத் தவிர அந்தக் காட்டில் ஒரு சத்தமும் இல்லை. எப்போதிலிருந்து என்று அவர் கேட்டார். நாலைந்து வருடமாகத் தனக்குத் தெரியும் என்றார் கதிரவேல். கேத்தில் விசிலடிக்க விசிலடிக்க நீர் பக்கத்தில் நின்று பேப்பர் பார்ப்பீர், நான்தான் வந்து அடுப்பை நிப்பாட்டுவேன். ஏன் சொல்லவில்லை என்று தங்கேஸ்வரி கேட்டார். "உம்மட காதெண்டால் உமக்கு உயிரல்லோ" என்றார் கதிரவேல்.

அன்றைக்கும் அடுத்த நாள் பாதியும் தங்கேஸ்வரி ஹெட்போனைத் தொடவில்லை. அவருக்குக் கோபம் வந்தது; கணவர் மீது, காது மீது, அந்தச் சைபர்கள் மீது. வெட்கமும் வந்தது. ஆனால் அவரை உண்மையாகப் பிடித்து ஆட்டியது வேறொன்று. தான் பாதிச் செவிடு என்று சொன்னால், தான் கேட்ட ஆந்தையை யார் நம்புவார்கள்? சைபர் பிழை என்றால் அறுபத்தொன்றும் பிழை என்றுதானே சொல்வார்கள்? அந்தப் பள்ளத்தாக்கில் ஆந்தை இருக்கிறது என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அவருடைய காது. வாயை மூடிக்கொண்டிருந்தால் காடு தப்பும், லோஜனா கைதட்டு வாங்குவாள், கடைசிப் பக்கத்தில் பேரும் வரும். சில்வண்டை யார் போய் எண்ணப் போகிறார்கள்? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தபோது, "பதில் இல்லை" என்று எழுதச் சொன்ன அந்த அதிகாரியின் குரல் அவருக்கு ஞாபகம் வந்தது. ஆள் கெட்டவரில்லை. அவரும் வேலை சுமுகமாக முடியட்டும் என்றுதான் சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் லோஜனாவுக்குக் கோல் எடுத்தார்.

"பிள்ளை, அந்தச் சில்வண்டுச் சைபர் எல்லாம் பிழை. அங்க சில்வண்டு இருக்கு. எனக்குத்தான் கேக்கேல்ல."

லோஜனாவுக்கு முதலில் விளங்கவில்லை. எந்தப் பதிவு, எத்தனையாவது வரி என்று கேட்டாள்.

"எல்லா வரியும்தான். என்ர காது அந்தளவுக்குப் போகேல்ல. நான் பதில் இல்லையெண்டு எழுதிப்போட்டன் பிள்ளை. லைன் இல்லையெண்டு எழுதியிருக்க வேணும்."

லோஜனா மூச்சு விடுவது தங்கேஸ்வரிக்குக் கேட்டது. பிறகு அவள் கேட்டது, அவர் பயந்திருந்த அதே கேள்வி.

"அப்ப ஆந்தை, அன்ரி?"

"ஆந்தை நான் கேட்டதுதான்."

"நான் எப்பிடி இனி நம்பிறது?" என்று லோஜனா மெதுவாகச் சொன்னாள். அவள் அழத் தொடங்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் லோஜனா பேசவில்லை. நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருந்த பெயரை அடித்துவிட்டு வேறொருவர் பேசினாராம். பதிவின் சத்தத்தைக் கணினியில் படமாகப் போட்டு ஒருமுறை பார்த்திருந்தாலே சில்வண்டு தெரிந்திருக்கும், அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு ஓடி வந்தது யார் பிழை என்று பேராசிரியர் அவளைத்தான் ஏசினார். மூன்றாம் பள்ளத்தாக்கின் பதிவுகள் மூதூருக்கு, றுக்கியாவிடம் போயின. றுக்கியா மூன்று நாளில் திருப்பி அனுப்பினாள். சில்வண்டுக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை மூன்று. ஆந்தைக் கட்டம் வெறுமை. கீழே ஒரு குறிப்பு: இந்த இரைச்சலுக்குள் ஆந்தை கேட்கிறது என்று சொன்னவர் யார்? றுக்கியாவின் வயது இருபத்தாறு. அவளுடைய காதில் ஒரு குறையும் இல்லை.

இந்தச் செய்தி தங்கேஸ்வரிக்கு லோஜனாவின் தாய் மூலம் வேலிக்கு மேலால் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு மூன்று கிழமை பதிவு ஒன்றும் வரவில்லை. காலை ஒன்பது மணிக்குக் குசினி மேசையைத் துடைத்துவிட்டு அவர் சும்மா இருந்தார். தன் காதில் கேட்டது ஆந்தைதானா என்று அவருக்கே சந்தேகம் வரத் தொடங்கியது. ஒரு மனிதருக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டியதில்லை. கதிரவேல் அவரைப் பட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காது வைத்தியரிடம் காட்டினார். ஒரு சின்ன அறைக்குள் இருத்தி, கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். முடிவில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ஒரு கோடு: இடது பக்கத்தில் நேராகப் போய், நடுவைத் தாண்டியதும் கிணற்றுக்குள் விழுகிறது. தாழ்ந்த சுருதிச் சத்தமெல்லாம் நன்றாகக் கேட்கிறது, கீச்சென்ற உயர்ந்த சுருதிதான் கேட்கவில்லை என்றார் வைத்தியர். வயதும், அத்தனை வருட ஹெட்செற்றும். தங்கேஸ்வரி தாளை நாலாக மடித்து அலுமாரியில் உடுப்புக்கு அடியில் வைத்தார்.

லோஜனா நாலாம் கிழமை சனிக்கிழமை வந்தாள். இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவிவிட்டு நேராக இங்கேதான் வந்திருந்தாள். தங்கேஸ்வரி பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தார்; இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பஸ்ஸைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு லோஜனா லப்டொப்பைத் திறந்தாள். சத்தத்தைப் படமாகக் காட்டுகிற ஒரு பக்கம் அது; உயர்ந்த சுருதி மேலே, தாழ்ந்தது கீழே. மேல் பாதி முழுவதும் தடித்த பட்டையாக அப்பிக் கிடந்தது. அதுதான் சில்வண்டு என்றாள். பிறகு படத்தின் அடிப்பக்கத்தைப் பெருப்பித்தாள். மங்கலாக, நகத்தால் கீறியது போல ஒரு சின்னக் கோடு. முப்பது விநாடி தள்ளி இன்னொன்று. தங்கேஸ்வரி எழுதிக் கொடுத்த அதே நிமிடம், அதே விநாடி. அறுபத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தாள். அறுபத்தொன்றும் இருந்தன. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாமல் அந்தக் கீறல்களை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது, கணினியாலும் முடியவில்லை.

தங்கேஸ்வரி எழும்பிப் போய் அலுமாரியில் இருந்து வைத்தியரின் தாளைக் கொண்டுவந்து விரித்தார். லோஜனா அதைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கோடு கிணற்றுக்குள் விழுகிற இடத்துக்கு இந்தப் பக்கம் ஆந்தை இருந்தது. அந்தப் பக்கம் சில்வண்டு இருந்தது. மற்ற நாலு பேருடைய நல்ல காதும் அப்படிப்பட்ட இரைச்சலுக்குள் மூழ்கிப்போக, ஆந்தைக்கு மட்டும் திறந்திருந்தது இந்தக் காதுதான். பள்ளத்தாக்கைத் தோட்டத்தோடு சேர்க்கும் பேச்சை நிறுத்தச் சொல்லிக் கடிதம் போய்விட்டது என்றும், அதில் சில்வண்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்றும் லோஜனா சொன்னாள். நம்பாமல் கதைத்ததற்கு மன்னிப்பும் கேட்டாள். நீர் கேட்டது சரியான கேள்விதான் என்றார் தங்கேஸ்வரி.

அட்டவணையைத் திறக்கச் சொன்னார். இருநூற்றுப் பன்னிரண்டு சைபர்கள். ஒரு பொத்தானை அமத்தினால் எல்லாம் மாறிவிடும் என்று லோஜனா சொல்லியும் கேட்கவில்லை. நான் எழுதினது, நானே மாத்திறன் என்று ஒவ்வொரு கட்டமாக அழித்து, "லைன் இல்லை" என்று எழுதினார். முடிக்க மத்தியானமாகிவிட்டது. கதிரவேல் இடையில் வந்து நேரத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு லோஜனா, உங்களுக்கென்று ஒன்று செய்துகொண்டு வந்தனான் என்றாள். அவருக்குப் பிடித்த அந்தப் பதிவில் ஆந்தையை அப்படியே விட்டு, சில்வண்டின் சத்தத்தை மட்டும் அவர் காதுக்கு எட்டுகிற தாழ்ந்த சுருதிக்கு இறக்கி வைத்திருந்தாள். ஹெட்போனைத் தானே மாட்டிவிட்டாள்.

தங்கேஸ்வரி திடுக்கிட்டு மேசையைப் பிடித்தார். லப்டொப் பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். இரைச்சல். சுற்றிவர, மேலே, கீழே, இடைவெளி விடாத இரைச்சல். ஆயிரம் அரிவாள் ஒரே நேரத்தில் தீட்டினால் அப்படி இருக்கும். மூன்று மாதமாக அவர் தனியாக இருந்த அமைதியான காடு அது இல்லை. அவர் கழற்றப் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பழகிய அரை நிமிடம் போனது. அந்த இரைச்சலுக்கு அடியில் எங்கேயோ, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவில், "பூ" என்றது. அவருடைய விரல் எழும்பியது.

"பிள்ளை," என்றார், கண்ணைத் திறக்காமல். "இவ்வளவு சத்தத்துக்குள்ள இருந்தோ அது கூப்பிட்டுக்கொண்டிருந்தது?"

லோஜனா அவருக்குக் கேட்கும்படி குனிந்து, "ஓம் அன்ரி. ஒவ்வொரு நாளும்" என்றாள்.

தங்கேஸ்வரி உயர்த்திய விரலை இறக்காமல் அடுத்த அரை நிமிடத்துக்குக் காத்திருந்தார்.